ஏ, பி எங்கே போச்சு?

புதிதாக ஒரு சாஃப்ட்வேரை உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறீர்கள். எங்கே வைக்கட்டும் என்று ஒரு பெட்டி திறந்து கேட்கிறது. பதிலையும் அதுவே எழுதி வைத்திருக்கிறது: சி டிரைவ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ். நீங்களும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். முடிந்தது ஜோலி. பக்கத்திலேயே டி டிரைவ் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். சீந்த ஆளில்லை. சி மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

சரி, அதென்ன சி? ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்தல்லவா? ஏ, பி இரண்டும் எங்கே போச்சு?

கேரி கில்டால் என்ற மனிதரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மான்ட்டரே என்ற ஊரில், அமெரிக்கக் கடற்படை நடத்தும் கல்லூரியில் வாத்தியார். 1974இல், சின்னக் கம்ப்யூட்டரும் ஃப்ளாப்பி டிரைவும் சேர்ந்து வேலை செய்ய ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். பெயர் சி.பி.எம். கட்சியெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். அதில் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எழுத்து. முதலாவது ஏ, அடுத்தது பி. அவ்வளவுதான். பெரிய தத்துவமெல்லாம் கிடையாது.

சில வருஷங்களில் சி.பி.எம். சக்கைப்போடு போட்டது. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்கிற எஞ்சினியர், சி.பி.எம்முக்காக எழுதிய சாஃப்ட்வேர்களைச் சுலபமாக மாற்றி ஓட்டும்படி 1980இல் வேறொரு சிஸ்டம் எழுதினார். அதை விலைக்கு வாங்கியது மைக்ரோசாஃப்ட். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனது பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதில் டாஸ் என்ற பெயரில் போய் உட்கார்ந்தது அந்தச் சரக்குதான். ஏ, பி என்கிற எழுத்துகளும் கூடவே போயின. பின்னால் கில்டாலின் சிஸ்டத்தையும் ஐ.பி.எம். விற்றது. விலை 240 டாலர். டாஸ் 40 டாலர். மக்கள் எதை வாங்கினார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

அந்த முதல் பி.சி.யில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஃப்ளாப்பிதான். ஒன்றில் 160 கிலோபைட் பிடிக்கும். இன்று மொபைலில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குக்கூடப் போதாது. ஏ டிரைவில் சாஃப்ட்வேர், பி டிரைவில் உங்கள் கணக்கு வழக்கு. ஒரே ஒரு டிரைவ் வாங்க வசதி உள்ளவர்கள் என்ன செய்வது? அந்த ஒன்றே ஏ வேஷமும் கட்டும், பி வேஷமும் கட்டும். 'இப்போது பி ஃப்ளாப்பியைப் போடு' என்று திரையில் கேட்கும். எடுத்துவிட்டு மாற்றிப் போடவேண்டும்.

1983 மார்ச்சில் வந்தது ஐ.பி.எம். எக்ஸ்.டி. உள்ளே 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். ஏ, பி இரண்டிலும் ஏற்கெனவே ஆள் இருந்ததால், புது மருமகளுக்கு மூன்றாவது அறை கிடைத்தது. சி.

டி பிறந்தது ஒரு நெருக்கடியில். அன்றைய டாஸுக்கு ஒரு டிரைவில் 32 மெகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. டிஸ்க்கோ வளர்ந்துகொண்டே போனது. 1987இல் வந்த டாஸ் 3.3, ஒரே டிஸ்க்கைப் பல தடுப்புகளாகப் பிரித்து டி, இ என்று பெயர் வைக்க வழி செய்தது. அந்த 32 கட்டுப்பாடு மறு வருஷமே தளர்ந்துவிட்டது. தடுப்புச் சுவர் போடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. நம்மூரில் அசெம்பிள் செய்து கொடுத்தவர்களும் 40 ஜிபி டிஸ்க்கை சி, டி, இ என்று கூறு போட்டுத்தான் கொடுத்தார்கள்.

அடுத்தது விண்டோஸ் 95. சாஃப்ட்வேர்களுக்கென்றே ப்ரோக்ராம் ஃபைல்ஸ் என்று சி டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்தார்கள். ஜெர்மன் விண்டோஸில் அதன் பெயர் 'ப்ரோக்ராமே'. ஆங்கிலப் பெயரையும் சி என்கிற எழுத்தையும் மாறவே மாறாது என்று நம்பி சாஃப்ட்வேர் எழுதியவர்கள் அங்கே திருதிருவென்று முழிக்க வேண்டியதாயிற்று. டிரைவ் எது, ஃபோல்டர் எது என்று விண்டோஸிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நல்ல புரோகிராமருக்கு அடிப்படைப் பாடம்.

அப்படியானால் சாஃப்ட்வேரை டி டிரைவில் போடலாமா? தாராளமாக. அந்தப் பெட்டியில் பிரவுஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டி இடத்தை மாற்றினால் போதும். பெரிய கேம்களை அப்படிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஒன்று. சாஃப்ட்வேர் டியில் குடியிருந்தாலும், அதைப் பற்றிய குறிப்புகள் ரெஜிஸ்ட்ரி என்னும் பேரேட்டில் ஏறும். பேரேடு விண்டோஸோடு சியில்தான் இருக்கிறது. சியை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பேரேடு காலி. டியில் வீடு அப்படியே நிற்கும், பட்டா இருக்காது. பல சாஃப்ட்வேர்களைத் திரும்பவும்தான் ஏற்றவேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து ப்ரோக்ராம் ஃபைல்ஸையே டிக்கு மாற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

சாஃப்ட்வேர் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ போனால்? டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ் எல்லாம் வழக்கமாக சியில்தான் இருக்கின்றன. ஃபார்மேட் செய்தால் அம்போ. முதலில் இடம் மாற்ற வேண்டியது அவற்றைத்தான். டியும் அதே டிஸ்க்கின் இன்னொரு தடுப்பு என்றால், டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். வெளியே தனியாக ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

கில்டால் 1994இல், 52 வயதில் காலமானார். ஜப்பானில் சோனி 2011இல் ஃப்ளாப்பி விற்பதை நிறுத்தியது. ஏயும் பியும் காலி செய்துகொண்டு போய் எத்தனையோ வருஷமாகிறது. அந்த இரண்டு அறைகளும் இன்னும் பூட்டியே கிடக்க, புதுக் கம்ப்யூட்டரும் சியிலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறது. காரணம் கேட்டால், அப்படித்தான் வழக்கம்.

அடுத்த முறை அந்தப் பெட்டி எங்கே வைக்கட்டும் என்று கேட்டால், நெக்ஸ்டை அமுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கேள்வி உங்களிடம்தான் கேட்கப்படுகிறது.