தண்டனையை அனுபவிக்க நாடு கடத்தல்: மேல்முறையீட்டில் நீதிமன்றங்கள் ஆராய்வது என்ன?

புதுதில்லி: வெளிநாட்டு நீதிமன்றத்தால் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட ஒருவர், அதை அனுபவித்து முடிக்காமல் வேறொரு நாட்டில் வசித்தால், அவரை ஒப்படைக்குமாறு தண்டனை விதித்த நாடு கோரலாம். அந்தக் கோரிக்கையை எதிர்க்கும் மேல்முறையீட்டில் அவர் குற்றம் செய்தாரா, இல்லையா என்பது மீண்டும் விசாரிக்கப்படுவதில்லை. விசாரணை நேர்மையாக நடந்ததா, அவருக்குத் தெரிந்தே நடந்ததா, அவரை இப்போது ஒப்படைப்பது அடிப்படை உரிமைகளுக்கு ஏற்றதா என்பவையே முதன்மைக் கேள்விகளாகின்றன.

வழக்கு விசாரணைக்காகத் தேடப்படுபவர்களைப் போலவே, தண்டனை பெற்றவர்களும் நாடு கடத்தல் சட்டங்களின் வரம்புக்குள் வருகின்றனர். எனினும், இரு தரப்பினரும் முன்வைக்கக்கூடிய வாதங்கள் வேறுபடுகின்றன.

இந்தியச் சட்டம் கூறுவது

இந்தியாவில் இந்நடைமுறையை 1962-ஆம் ஆண்டின் நாடு கடத்தல் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. 'தப்பியோடிய குற்றவாளி' என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில், குற்றம்சாட்டப்பட்டவரும் தண்டனை பெற்றவரும் அடங்குவர்.

வெளிநாட்டின் கோரிக்கை மத்திய அரசிடம் வந்ததும், விசாரணை நடத்துமாறு மாஜிஸ்திரேட்டுக்கு உத்தரவிடப்படும். இரு தரப்புச் சான்றுகளையும் அவர் பரிசீலிப்பார். கோரிக்கைக்கு முகாந்திரம் இல்லையெனில் தேடப்படுபவர் விடுவிக்கப்படுவார். முகாந்திரம் இருந்தால் சிறையில் அடைக்கப்பட்டு, அறிக்கை மத்திய அரசுக்கு அனுப்பப்படும். தேடப்படுபவர் எழுத்துமூலம் அளிக்க விரும்பும் விளக்கமும் அதனுடன் இணைக்கப்படும். ஒப்படைப்பது குறித்து இறுதி முடிவெடுப்பது மத்திய அரசே.

மாஜிஸ்திரேட்டின் முடிவை எதிர்ப்பவர்கள் பொதுவாக, அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்கின்றனர். சிறையில் அடைக்கப்பட்ட நாளிலிருந்து 15 நாள்கள் முடியும் வரை ஒருவரை ஒப்படைக்கக் கூடாது என்று சட்டத்தின் 31-ஆவது பிரிவு கூறுகிறது. நீதிமன்றத்தை அணுக விரும்புவோருக்கு இந்தக் கால அவகாசம் முக்கியமானது. அரசியல் தன்மை கொண்ட குற்றத்துக்காக ஒப்படைக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இடம்பெற்றுள்ளது.

வழக்கு அற்பமானது, கோரிக்கை நல்லெண்ணத்துடன் விடுக்கப்படவில்லை, ஒப்படைப்பது அநீதியானது என்பன போன்ற காரணங்களுக்காக ஒருவரை விடுவிக்க 29-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. சிறையில் அடைக்கப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் ஒப்படைக்கப்படாதவர், 24-ஆவது பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்தில் விடுதலை கோரலாம். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டப்பட்டால் அக்கோரிக்கை ஏற்கப்படாது.

பிரிட்டனில் மேல்முறையீடு

தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீடுகள் குறித்து விரிவான தீர்ப்புகள் வெளியாகியுள்ள நாடு பிரிட்டன். அங்கு 2003-ஆம் ஆண்டின் நாடு கடத்தல் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் கோரிக்கை என்றால் கீழ் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 7 நாள்களுக்குள்ளும், இந்தியா உள்ளிட்ட நாடுகளின் கோரிக்கை என்றால் 14 நாள்களுக்குள்ளும் உயர்நீதிமன்றத்தை அணுக வேண்டும். மேல்முறையீடு தானாகவே விசாரணைக்கு ஏற்கப்படாது. அதற்கு உயர்நீதிமன்றத்தின் அனுமதி தேவை. பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி எழுந்தால் மட்டுமே வழக்கு உச்சநீதிமன்றம் செல்லும்.

இல்லாதபோது விதிக்கப்பட்ட தண்டனை

குற்றவாளி இல்லாமலேயே விசாரணை நடத்தித் தண்டனை விதிக்கும் வழக்கம் சில நாடுகளில் உள்ளது. அவ்வாறான வழக்குகளில், அவர் வேண்டுமென்றே விசாரணையைத் தவிர்த்தாரா என்பதை பிரிட்டன் நீதிமன்றம் முதலில் பார்க்கிறது. தவிர்க்கவில்லை எனில், திரும்பிச் சென்றதும் மறுவிசாரணை கோரும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும்.

இது தொடர்பாக 2024 மார்ச் 6-ஆம் தேதி பிரிட்டன் உச்சநீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கியது. ஓராண்டுச் சிறைத் தண்டனையை அனுபவிக்க இத்தாலியால் தேடப்பட்டவர், காவல் துறையினரால் விசாரிக்கப்பட்ட பிறகு அந்நாட்டை விட்டுச் சென்றவர். முறையான குற்றச்சாட்டோ அழைப்பாணையோ அவருக்குக் கிடைக்கவில்லை. விசாரணையில் பங்கேற்கும் உரிமையை அவர் ஐயத்துக்கு இடமின்றிக் கைவிட்டதாகக் கருத முடியாது என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. ருமேனியா தொடர்பான மற்றொரு வழக்கில், மறுவிசாரணை என்பது உறுதியான உரிமையாக இருக்க வேண்டும். அது கிடைக்கக்கூடும் என்ற வாய்ப்பு மட்டும் போதாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

குழந்தைகளின் நலன்

மிகக் கடினமான கேள்வி, தண்டனை பெற்றவரின் குடும்பத்தைப் பற்றியது. போதைப் பொருள் கடத்தல் வழக்கில் இத்தாலியில் தண்டிக்கப்பட்ட ஒரு தம்பதியின் மேல்முறையீட்டை 2012 ஜூன் 20-ஆம் தேதி பிரிட்டன் உச்சநீதிமன்றம் தீர்த்துவைத்தது. அவர்களுக்கு மூன்று குழந்தைகள். தாயின் உடல், மன நலம் குன்றியிருந்ததால், குழந்தைகளை முதன்மையாகக் கவனித்து வந்தவர் தந்தையே. இருவரும் ஒப்படைக்கப்பட்டால் குழந்தைகள் பெற்றோர் இருவரையும் பிரிய நேரிடும்.

குழந்தைகளின் நலன் முதன்மையாகக் கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. எனினும், குற்றத்தின் கடுமையைக் கருதி தாயின் மனுவை ஒருமனதாகவும், தந்தையின் மனுவைப் பெரும்பான்மை அடிப்படையிலும் தள்ளுபடி செய்தது. தந்தையின் வழக்கில் நீதிபதி லேடி ஹேல் மாறுபட்ட தீர்ப்பை அளித்தார்.

அவ்வழக்குடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட மற்றொன்று, போலந்தில் விசாரணையை எதிர்கொள்ள வேண்டிய ஐந்து குழந்தைகளின் தாய் தொடுத்தது. அவர் மீதான குற்றச்சாட்டுகள் அந்த அளவுக்குக் கடுமையானவை அல்ல. பல ஆண்டுகளும் கடந்துவிட்டன. எனவே அவரை ஒப்படைக்க நீதிமன்றம் மறுத்தது. குற்றத்தின் கடுமை, கடந்துபோன காலம், குடும்பத்துக்கு நேரும் பாதிப்பு ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்க்கும் முறையை இத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

ஒப்படைக்கப்பட்ட பிறகு

மேல்முறையீட்டில் தோற்றவருக்கு மற்றொரு வழி எஞ்சியிருக்கலாம். இந்தியாவின் கைதிகள் தாயகம் திரும்புதல் சட்டம், 2003, உடன்பாடு உள்ள நாடுகளுக்கு இடையே தண்டனைக் கைதிகளை மாற்ற வகை செய்கிறது. இதன்படி, வெளிநாட்டில் தண்டனை அனுபவிக்கும் இந்தியர் எஞ்சிய காலத்தை இந்தியச் சிறையில் கழிக்கக் கோரலாம். பிரிட்டனுடன் இத்தகைய உடன்பாடு 2005-இல் கையெழுத்தானது. இம்மாற்றத்துக்கு இரு அரசுகளின் ஒப்புதலும் தேவை. இதனால் தண்டனை ரத்தாவதில்லை. அதை அனுபவிக்கும் இடம் மட்டுமே மாறுகிறது.