சப்பிரகமுவத் தோட்டங்களில் குமரப்பருவத்தினரின் உணவுக் குறைபாடு

1873ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், உணவிருந்தும் உண்ண மறுத்து மெலிந்த இளம் பெண்களின் நோய்க்குப் பெயர் சூட்டினார். மருத்துவ நூல்கள் அதனை உளநோயென்பர். சரியாக ஒரு நூற்றாண்டின் பின், கேகாலை, இரத்தினபுரித் தோட்ட லயமொன்றில் ஓர் இளம்பெண் ‘பசியில்லை’ என்று எழுந்தாளெனின், அதன் காரணத்தைக் கூப்பன் புத்தகத்திலும் செக்றோலிலுமே தேடுதல் வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் உணவு தொடக்கந்தொட்டே கூலியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கோப்பிக் காலத்தில் வழங்கிய அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அரிசி வழங்கலை உட்கொண்டே ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலியை வகுத்தது. பேர் விழுந்தவருக்கே சோறு என்பது இதன் உட்பொருள். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்துக் குன்றவே, கோதுமை மா லயங்களிற் பெரிதும் இடம்பிடித்தது. ரொட்டியும் வெறுந்தேநீரும் அன்றாட உணவாயின. இறப்பர்த் தோட்டத்தில் இன்னொரு தொல்லையுமுண்டு. மழை பெய்தாற் பால்வெட்டு இல்லை. மழைக்குப் பேர்போன இரத்தினபுரியில் அதனால் எத்தனை நாட்கூலி போயிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம்.

1973, 1974 ஆகிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேற, அரசு பங்கீட்டைக் குறைத்தது. மாவின் விலையும் ஏறிற்று. அயற்கிராமத்தவருக்குப் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் கைகொடுத்தன. லயத்து வாசலில் அவற்றுக்கு நிலமேது? 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தமையால் தனியார் தோட்டங்கள் பல கைமாறின, வேலைநாட்கள் குறைந்தன, சிலவிடங்களில் தொழிலாளர் வெளியேற்றவும்பட்டனர். 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியினும் மிக உயர்ந்தது. குன்றி வளர்ந்தோர் இக்கணக்கினுள் அடங்கார்.

அவருள் முதன்மையானோர் குமரப்பருவத்தினரே என்பது என் கருத்து. கைக்குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா இருந்தது. உழைப்பவர் உண்ணாவிடிற் பேர் விழாது. பன்னிரண்டு, பதினான்கு வயதினர் இவ்விரு கணக்கிலும் சேராதவர். தாய் விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல, அடுப்பு மூத்த மகளின் பொறுப்பாயிற்று. தந்தையும் தம்பிமாரும் உண்டு எஞ்சியதே அவள் பங்கு. பூப்பெய்திய உடலுக்கு இரும்புச்சத்து மிக வேண்டியிருந்த காலத்தில், ரொட்டியோடு குடித்த தேநீரே அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுத்தது. பசியையும் அது மந்தப்படுத்திற்று. ‘தோட்டத்தார் உணவின் அருமை அறியார்’ என்று கற்றோரும் கூறுவதுண்டு; அவர்தம் பேச்சில் விலைவாசி இடம்பெறுவதில்லை.

1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதற்கு வருமான எல்லை இருந்தது. கிராமத்தவர் தம் வருமானத்தைத் தாமே கூறினர். தோட்டத் தொழிலாளரின் வருமானமோ செக்றோலிற் சதக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. ஆதலின் அவருட் பெரும்பாலோர் முத்திரை பெற்றிலர். அதே செக்றோலிற் பெண்ணின் பேருக்கு ஆணின் கூலி கிடைத்தது, வேலைநிறுத்தத்தின் பின், 1984இலேதான்.