நெடுந்தீவின் இயல் தாவரங்கள்

நெடுந்தீவு, யாழ்ப்பாணத் தீவகத்தில் மக்கள் வாழும் தீவுகளுள் மிகத் தொலைவில் உள்ளது. பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். மலையில்லை, ஆறில்லை, பவளச் சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண் போர்த்த தட்டைத் தரை. மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான்; பிறகு வெயிலும் உப்புக்காற்றும்.

குறிகட்டுவானில் படகேறி வருவோர் முதலில் தேடிப்போவது, ஆள் நுழையுமளவு பொந்துள்ள பெருக்க மரத்தை. அது ஆப்பிரிக்க மரம். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பர். இங்கே திரியும் மட்டக்குதிரைகளும் ஐரோப்பியர் விட்டுச்சென்றவை. தீவுக்குப் பெயர் வாங்கித் தந்த இரண்டுமே வந்தேறிகள். மண்ணுக்குரிய செடிகளைப் பார்க்கக் குனியவேண்டும்.

கரையில் அடம்பன் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துவைக்கிறது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கு. இராவணன் மீசைப் புல்லும் அதே வேலையைச் செய்யும்; வெறுங்காலோடு மிதிக்கலாகாது. உவர்த்தரையில் உமரி, உள்ளே எருக்கலை, நுணா, ஆல், பனை.

வரலாறு கண்டது சாயவேர். தமிழ்நாட்டில் இம்பூறல் எனப்படும் இச்சிறு செடி, தீவகத்திலும் மன்னாரிலும் கடலோர மணலில் தானாக முளைக்கும். அதன் வேர்ப்பட்டையைப் படிகாரத்தோடு சேர்த்தால் துணியில் வெளுக்காத சிவப்பு ஏறும். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளுக்கு அந்தச் சிவப்பே உயிராயிருந்தது. ஒல்லாந்தர் இதைத் தம் தனியுரிமையாக்கி, வேர் குத்துவோர் தம் கிழக்கிந்தியக் கம்பனிக்கே தோண்டிக் கொடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தினர். 1869இல் வேதியியலார் அந்தச் சிவப்பைத் தரும் அலிசரின் சாயத்தைச் செயற்கையாக ஆக்கக் கண்டதும் வேரின் மதிப்புப் போயிற்று. செடி போகவில்லை, தேடுவார்தான் இல்லை.

பனை இன்னும் சோறு போடுகிறது: ஒடியல், பினாட்டு, நுங்கு, ஓலை. யாழ்ப்பாணத்தில் ஓலை வேலி என்றால், இங்கே சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலி. அதன் இடுக்குகளிலும் செடி முளைத்துக் கிடக்கும்.

தீவின் சுமார் 1,846 ஹெக்டேர் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அது பேராதனைத் தாவரவியல் பூங்கா போலப் பெயர்ப்பலகை வைத்த தோட்டமன்று. உலர்வலயச் செடிகளுக்கென அமைந்த தாவரவியல் பூங்கா இலங்கையின் மறுகோடியில், அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் இருக்கிறது. நெடுந்தீவைப் பார்க்கத் தை, மாசி ஏற்றது. மாரி நனைத்த புல் அப்போதும் பச்சையாயிருக்கும். ஆடியில் வருபவருக்குப் பனையும் எருக்கலையுமே மிச்சம்.