அருவிக்கரையிலிருந்து குளிமுறி வரை

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனி உற்சவத்தின் முடிவிலும் ஐப்பசி உற்சவத்தின் முடிவிலும், ஸ்ரீபத்மநாப ஸ்வாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போக வேண்டியிருப்பதால், அந்தச் சில மணி நேரம் விமானங்கள் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை. ஒரு ஸ்நானத்துக்காக ஆகாய மார்க்கத்தையே மறித்துவைக்கும் பட்டணம் வேறொன்று உண்டென்று நான் கேள்விப்பட்டதில்லை. நீர் இருக்கும் இடத்துக்குத் தான் போய் முங்கி வருவதே குளியல் என்பது இங்கே தெய்வத்துக்கும் விதி, மனிதனுக்குக் கேட்பானேன்?

1795 வரை திருவிதாங்கூரின் ராஜதானியாக விளங்கிய பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மரவேலைப்பாட்டில் இணையற்ற அந்த மாளிகையில் மகாராஜா நீராடுவதற்கென்று இருப்பது, மேலே கூரை வேய்ந்து குளத்துக்குள் இறங்கும் படித்துறைதான். அரசருக்குக் கிடைத்த விசேஷ சௌகரியம், வெயிலும் பிறர் கண்ணும் படாத மறைப்பு ஒன்றே. தண்ணீர் எல்லோருக்கும் வாய்க்கும் குளத்துத் தண்ணீர்.

எல்லோருக்கும் என்று எழுதிவிட்டேன்; அது சரியன்று. தலையில் எண்ணெய் வைத்து, செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி எடுத்து, நாராகத் தட்டிய இஞ்சைப் பட்டையால் முதுகு தேய்த்து, பொழுது புலருமுன் குளத்தில் மூன்று முழுக்குப் போடும் அந்தச் சுகத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள், எந்தக் கடவில் எவர் இறங்கலாம், எந்தக் குளத்தின் கரையில்கூட எவர் நிற்கக் கூடாது என்று சாதி வகுத்த கணக்கை மறந்துவிடுகிறார்கள். 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரம் பிறப்பிக்கும் வரை, கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனுக்குக் கோயில் குளம் மட்டும் திறந்திருக்கவில்லை.

அந்த விளம்பரத்துக்கு மூன்று ஆண்டு முன்னரே, 1933-ல், வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவைக் கொண்டு பட்டணத்துக் குடிநீர்த் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. (அவர் பெயரை ஊரார் ‘வெல்லிங்டன்’ ஆக்கி, வாட்டர்லூ வீரரின் கணக்கில் எழுதிவிட்டார்கள், இன்றும் பலர் அப்படியே எழுதுகிறார்கள்.) கரமனை ஆற்றை அருவிக்கரையில் அணை கட்டித் தேக்கி, அந்த நீரை வடிகட்டிக் குழாய் வழியே வீதிகளுக்குக் கொண்டுவந்தது அந்தத் திட்டம். கரமனை அக்கிரகாரத்தில் பிறந்த எனக்கு இதிலுள்ள வேடிக்கை சிறு வயதில் புரியவில்லை. எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடிய அதே ஆறுதான், பல மைல் மேலே இரும்புக் குழாய்க்குள் புகுந்து, முற்றத்துப் பித்தளைத் திருகு வழியாக எங்கள் அண்டாவில் விழுந்தது. பாட்டிக்கு மட்டும் அது விளங்கியிருந்தும் சம்மதமில்லை; திருகுக்குள் தோல் வில்லை இருக்கிறதென்று யாரோ சொல்லிவிட்டதால், பூஜைக்குக் கிணற்று நீரும், மற்றதற்கெல்லாம் குழாய் நீரும் என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தாள். குழாய்க்குள் கடவு பிரிக்க முடியாதென்பதுதான் அவளுடைய உண்மையான சங்கடம் என்று இப்போது தோன்றுகிறது.

குழாய் வந்த பிறகே குளிமுறி வீட்டின் அங்கமாயிற்று. கொல்லையில் ஓலை மறைப்பாக இருந்தது சுவராகி, சிமெண்டுத் தொட்டி கட்டி, செம்பு வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் பக்கெட்டும் வந்து சேர்ந்தது. பாத் டப் மாத்திரம் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர் 1883-ல், குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்துக் குளியல் தொட்டியாக விற்றார் என்பது அவருடைய கம்பெனியாரே பெருமையுடன் சொல்லும் கதை. அந்த வம்சத்துத் தொட்டிகள் இங்கே துரைமார் பங்களாக்களோடு நின்றுவிட்டன. நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாமல் நீர் பிடிக்கும் தொட்டி, ஏழெட்டுப் பக்கெட்டுக்குச் சமம் என்ற சிக்கனம் ஒரு காரணம். ஆனால் ஆழமான காரணம், தன் உடம்பு அழுக்கு கரைந்த நீரிலேயே தான் ஊறுவதை நம்மவர் ஸ்நானமாக ஒப்பவில்லை என்பதே. குளமும் தேங்கிய நீர்தானே என்று கேட்கலாம். அங்கே ஊற்று இருக்கிறது, மழை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தீர்த்தம் என்ற பெயர் இருக்கிறது. தர்க்கத்துக்கு நிற்காத பதில்தான். இருந்தாலும் டப்பைத் தோற்கடிக்க அது போதுமானதாயிருந்தது.

போன வருஷம் குளிமுறியைப் புதுப்பிக்க வேண்டிச் சாலைக் கம்போளத்துக் கடையொன்றுக்குப் போனேன். பளபளக்கும் வெள்ளை டப் ஒன்றைச் சுற்றி வந்து விலை கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரி எழுந்திருக்காமலே, “சாமி, அது பார்க்கிறதுக்கு வச்சிருக்கு. வாங்கிட்டுப் போன ரெண்டு பேரும் அதில் தண்ணி பிடிச்சுவச்சு மக்கால மோந்துதான் குளிக்கிறாங்க” என்றார். பிறகு, மேல்தொட்டி எவ்வளவு உயரம் என்று விசாரித்து, பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் காற்று மண்டலத்தின் ஒரு பங்கு அழுத்தம் கிடைக்கும், ஒற்றை மாடி வீட்டுக்கு அகலமான ஷவர் வைத்தால் சொட்டத்தான் சொட்டும் என்று கணக்குச் சொல்லி, உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். நாற்பத்தைந்து துளைகள், எண்ணிப் பார்த்தேன்.

அதை மாட்டிய அன்று, 1983-ல் பேப்பாறையில் கட்டிய அணையிலிருந்து இறங்கி, அருவிக்கரையில் தேங்கி, தெருவுக்கு வந்து, மோட்டாரால் மாடிக்கு ஏறிய கரமனை ஆறு, என் உச்சந்தலையில் அருவியாக விழுந்தது. மூன்று முறை முங்க வழியில்லாததால், மூன்று முறை திருகை மூடித் திறந்தேன்.