செங்காந்தளும் சங்குப்பூவும்: ஒரே வேலி, இருவேறு வளர்ப்பு

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூவரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். அதே வரிசையில் கருவிளை என்று வருவது நமது நீலச் சங்குப்பூ. இரண்டும் வேலியோரக் கொடிகள். யாரும் நடாமலே முளைத்து, ஆண்டுதோறும் பூப்பவை. இந்த ஒற்றுமையை நம்பி, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டுக்கும் தினம் ஒரு குடம் ஊற்றி ஒன்றுபோலவே பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. சங்குப்பூ அதைத் தாங்கிக்கொள்ளும். காந்தள் அழுகிவிடும்.

வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது. சங்குப்பூவுக்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர். அது அவரை இனம் என்பதால் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. தனியாக உரம் வைக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. செங்காந்தளுக்கோ கலப்பை வடிவக் கிழங்கு. கலப்பைக்கிழங்கு என்ற பேர் அதனால் வந்ததுதான். பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். பருவம் முடிவதற்குள் அதன் அருகிலேயே புதுக் கிழங்கு உருவாகிவிடும். ஆண்டுதோறும் திரும்பி வருவது போலத் தெரிகிற செடி, உண்மையில் ஆண்டுதோறும் தன்னைப் புதிதாகச் செய்துகொள்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் காந்தள் வளர்ப்பில் பாதி முடிந்தது. ஆனி, ஆடியில் நடலாம். கிழங்கின் ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கவை முளைக்காது. ஆகவே வாங்கும்போதே நுனியைப் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்காத செம்மண்ணில், கொஞ்சம் மணல் கலந்து, மேட்டுப்பாத்தி அமைத்துக் கிடைவாக்கில் வைப்பது நல்லது. பூக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதால், மேட்டுப்பாத்தி இல்லாவிட்டால் ஐப்பசி மழையே கிழங்கைக் கொன்றுவிடும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளாக ஆக ஆரஞ்சாகி, முழுச் சிவப்பில் முடியும். ஒரே கொடியில் இத்தனை நிறங்களும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே இதை வளர்க்கலாம்.

பிறகு இலை மஞ்சளாகும், தண்டு காயும். செடி செத்துவிட்டது என்று பதறி நீரூற்றுவதுதான் இந்த வளர்ப்பில் நடக்கும் பெரிய தவறு. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. தை, மாசி தொடங்கி அடுத்த மழை வரை கிழங்கு உறங்கட்டும். இடம் மறந்துபோகாமல் ஒரு குச்சி நட்டு வைத்தால் போதும்.

சங்குப்பூவுக்கு இந்த உறக்கம் கிடையாது. விதையை இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றினால் இரண்டு மாதத்துக்குள் பூ பார்த்துவிடலாம். காந்தளை விதையிலிருந்து வளர்த்தால் பூவுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சங்குப்பூ கேட்பது நம் கையை. பூவைத் தினமும் பறிக்க வேண்டும், நெற்றுகளை முற்றவிடக் கூடாது, நீண்ட கொடியை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் தானே மகரந்தம் சேர்ந்து, காய்த்து, வெடித்து, விதை சிந்தித் தோட்டமெங்கும் முளைக்கும். காந்தளின் சூல்தண்டோ மகரந்தத்தைவிட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்கும். விதைக்காக இதைப் பயிரிடும் மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் காலை வேளைகளில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்ப்பது இதனால்தான். வீட்டில் அந்த உழைப்பு வேண்டாம்.

பற்றி ஏறும் முறையும் வேறு. சங்குப்பூவில் தண்டே சுற்றிக்கொள்ளும். கயிறு, கம்பி, மூங்கில் எதுவும் சரி. காந்தளில் இலை நுனிதான் சுருண்டு பற்றுகிறது. அதற்குக் கையளவுத் தடிமனில் மூங்கில் நட்டுப் பயனில்லை. விராலிக் குச்சியோ மெல்லிய கம்பியோ வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடவும் வேண்டாம், சங்குப்பூ மூடிவிடும்.

நஞ்சைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நிறைவடையாது. சங்குப்பூவின் இதழில் தேநீர் போடுகிறார்கள். மலேசியாவின் கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் தருவது இந்தப் பூதான். விதையும் வேரும் மட்டும் பேதி தருபவை. செங்காந்தள் அப்படியல்ல. அதில் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. கீல்வாதத்தின் ஒரு வகையான கவுட்டுக்கு மருந்தாகும் கோல்ச்சிசின்தான் அதிலுள்ள நஞ்சு. மருந்துக்கும் சாவுக்கும் இடையே உள்ள அளவு மிகச் சிறியது. கிழங்கைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சர்க்கரைவள்ளி நட்ட பாத்தியில் இதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

தவழும் குழந்தையோ ஆடோ உள்ள வீட்டுக்குச் சங்குப்பூ போதும் என்பதே என் முடிவு. பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில், நான்கைந்து மாதம் வெறும் மண்ணைப் பார்த்திருக்கும் பொறுமை இருந்தால், செங்காந்தளுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் கிழங்கைப் பயிரிடுபவர்களிடம் வாங்குங்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிவிட்டது. காட்டில் நிற்கும் கொடியை அங்கேயே விட்டுவிடுங்கள்.