டிரம்மில் நீந்துவது கப்பியா, கம்பூசியாவா? குட்டி ஈனும் மீன்களை அடையாளம் காணும் முறை

மும்பை: தாராவியை ஒட்டி, தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் குழாய் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. வரும் நேரத்தில் டிரம்களில் பிடித்து வைக்கும் தண்ணீரே வீட்டுப் புழக்கத்துக்கு. டிரம் திறந்து கிடந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். கிணறுகளும் மாடித் தொட்டிகளும் மலேரியா பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசுவுக்கு ஏற்ற இடங்கள். இவற்றின் புழுக்களைத் தின்னும் கப்பி மீன்களை நீர்த்தேக்கங்களில் விடும் முறையை மும்பை மாநகராட்சி கையாண்டு வருகிறது.

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதி. இதே பணிக்காக இந்தியாவுக்கு வந்த மற்றொரு மீனான கம்பூசியா வட அமெரிக்க இனம். 1928-ல் இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்டது. இரண்டும் வெளியே முட்டையிடுவதில்லை. தாயின் உடலுக்குள் வளரும் குஞ்சுகள், பிறந்தவுடனேயே நீந்தத் தொடங்கிவிடும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது முக்கியம். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் கம்பூசியா இடம்பெற்றுள்ளது. அது பிற மீன்களின் துடுப்புகளைக் கடிக்கும். தவளைக் குஞ்சுகளையும் மீன் குஞ்சுகளையும் தின்னும். வண்ண மீன்களுடன் ஒரே தொட்டியில் வைக்கத் தக்கதன்று.

ஆண் கப்பியை அதன் வண்ணமே காட்டிக் கொடுத்துவிடும். குழப்பம் பெண் மீன்களில்தான். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டுக்கும் வயிற்றின் பின்பகுதியில் கரும்புள்ளி உண்டு. மீனைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வாலிலும் முதுகுத் துடுப்பிலும் சிறு கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்து, வயிற்றடியில் உள்ள ஆசனத் துடுப்புக்கு நன்கு பின்தள்ளி முதுகுத் துடுப்பு தொடங்கினால் அது கம்பூசியா. சிலவற்றில் கண்ணுக்குக் கீழே கரிய கீற்றும் இருக்கும். பெண் கப்பியின் துடுப்புகள் பெரும்பாலும் புள்ளியின்றித் தெளிவாக இருக்கும். ஆசனத் துடுப்பு குச்சிபோல் நீண்டிருந்தால் அது ஆண் மீன் என்பது இரு இனங்களுக்கும் பொது. இனத்தைப் பிரிக்க அது உதவாது.

தட்டையான தலையின் உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னினால் அது வேறு மீன்: நம் நாட்டு முண்டக்கண்ணி. முட்டையிடும் இனமான இதுவும் கொசுப்புழுவை விரும்பித் தின்னும். அயல் மீன்களுக்குக் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை.

வளர்ப்போர் ஓர் ஆண் கப்பிக்கு இரண்டு அல்லது மூன்று பெண் மீன்களை விடுவது நல்லது. இல்லையெனில் ஆண்களின் ஓயாத துரத்தலில் பெண் மீன்கள் நலிந்துபோகும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்பே பயன்படுத்த வேண்டும். மாற்றும்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. தான்சா, வைதர்ணா, பட்சா போன்ற ஏரிகளில் தேங்கும் மழைநீரே மும்பையின் குழாய்களில் வருகிறது. கப்பியும் மோலியும் சற்றுக் கடினமான நீரை விரும்புபவை என்பதால், தொட்டியின் அடியில் கொஞ்சம் சிப்பித் துண்டுகள் இடலாம். தாய் மீனே குட்டிகளைத் தின்றுவிடும். மிதக்கும் செடிகள் அவற்றுக்கு மறைவிடமாகும்.

டிரம்மில் மீன் இருப்பதால் மட்டும் கொசு ஒழிந்துவிடாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குடிநீர் டிரம்முக்கு மீனைவிட இறுக்கமான மூடியே ஏற்றது.

ஒருமுறை இணைசேர்ந்த பெண் கப்பி, ஆண் துணையின்றியே பல மாதங்கள் மீண்டும் மீண்டும் குட்டி ஈனும். ஒரேயொரு தாய் மீன் போதும், ஒரு குளம் நிறைந்துவிடும். பெருகிய குட்டிகளை மித்தி ஆற்றிலோ குளத்திலோ விடாமல், வளர்க்கும் மற்றவர்களிடமோ வண்ண மீன் கடையிலோ கொடுக்கலாம்.