கடலின் நிறம்

காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அப்பால் நிறங்கள் மாறுகின்றன: கரையோரம் வண்டலின் பழுப்பு, சற்றுத் தள்ளிப் பசுமை, ஆழம் கூடக்கூட நீலம். இவற்றைப் படிப்பது மீனவரின் வழிவழிக் கல்வி. அதுவே ஒளியியலில் உயர்கல்வி ஆய்வுக்குரிய பொருளாகவும் ஆன கதை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ராமன் விளைவைப் பற்றி எழுதுவோர் 1928-இல் தொடங்கி 1930-இன் நோபல் பரிசில் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய ஆண்டுகளே சுவையானவை.

திருவானைக்காவலில் பிறந்த ச.வே. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பயின்ற நாளில் முதுகலை என்பது பெரும்பாலும் தேர்வுக்கான படிப்பே. முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான பயிற்சியின்போது, ஒளிப்பட்டைகள் இருபுறமும் சமச்சீராக அமையாததை அவர் கவனித்தார். அதை விளக்கிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகசீன்' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. மறு ஆண்டே அரசின் நிதித்துறைப் பணிக்குச் சென்றுவிட்டார். ஆய்வைத் தொழிலாகக் கொள்ள அன்று வழியில்லை.

1921-இல் இங்கிலாந்திலிருந்து 'நர்கண்டா' கப்பலில் திரும்பியபோது அவர் கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பது ராலேயின் கூற்று. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் பட்டகத்தால் தடுத்துவிட்டுப் பார்த்தார் ராமன். நீலம் மறையவில்லை, கூடவே செய்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். (செந்நிறத்தை நீர் உறிஞ்சுவதற்கு அவர் துணைப் பங்கே தந்தார். இன்று அதற்கே முதன்மை தரப்படுகிறது.)

இங்கேதான் மாணவர் வருகிறார். பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். ராமநாதன், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராகக் கல்கத்தா சென்று இதே கேள்வியைச் சோதனைக்கூடத்தில் தொடர்ந்தார். 1923-இல், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மிக மெல்லிய சுவடு ஒன்றைக் கண்டார். திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் அது போகவில்லை. அசுத்தத்தின் ஒளிர்வு என்று கருதப்பட்ட அச்சுவடுதான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவாக அடையாளம் பெற்றது. (ராமநாதனின் பிறந்த நாளும் பிப்ரவரி 28 தான்!) பாடநூல்களில் அவர் பெயர் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

ராமநாதன் பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அதே நகரிலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில்தான் பிற்காலத்தில் கடல் நிறத்தை அளக்கும் கருவி உருவானது. 1999 மே 26-இல் 'ஓஷன்சாட்-1' எடுத்துச்சென்ற கருவி 8 அலைவரிசைகளில் பார்த்தது. 2022 நவம்பர் 26-இல் சென்ற கருவி 13-இல் பார்க்கிறது. நுண்பாசிகளின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சும். ஆகவே நீலம் குறைந்து பச்சை மிகுந்த நீரில் மீனுக்கு உணவு உண்டு. இக்கணக்கிலிருந்தும் நீரின் வெப்பநிலையிலிருந்தும் ஹைதராபாத்தின் கடல்சார் தகவல் மையம் மீன்வளப் பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. மேகம் மூடிய ஐப்பசி, கார்த்திகையில் இக்கருவிக்குக் கடல் தெரியாது.

வேறொரு சிக்கலும் உண்டு. ஆழ்கடலில் நன்கு பொருந்தும் கணக்கு, வண்டல் கலங்கிய கரையோர நீரில் தடுமாறுகிறது. வண்டலையும் பச்சையத்தையும் பிரித்தறிவது உலகெங்கும் இன்னும் ஆய்விலிருக்கும் கேள்வி. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அரசலாற்று முகத்துவாரமும் பக்கத்திலேயே இருக்கிறது.